வலது கைக் கடிகாரம்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டு முடித்துவிடுங்கள். தலையே இல்லாத ஒரு திருடனையும், அவன் யாரென்று காட்டிக்கொடுத்த ஒரு பல் டாக்டர் நாற்காலியையும் இன்றைக்கு உங்களுக்குக் காட்டப்போகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. பல் டாக்டர் வீட்டுக் கதைதான் என்றாலும் ரத்தம் கிடையாது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி. அங்கேதான் தராசம்மாவின் துப்பறியும் அலுவலகம். தராசம்மா ஒரு காலத்தில் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். காய்கறிக் கடையிலிருந்து பழைய இரும்புக் கடை வரைக்கும் தராசையும் படிக்கல்லையும் சோதித்தே தலை நரைத்தவர். இப்போதும் எல்லோரும் 'இன்ஸ்பெக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த இலாகா இன்ஸ்பெக்டர் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவருக்கு உதவியாள், கணவரின் தம்பி. டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் அவர் கண்டக்டர். அண்ணிக்கு மட்டும் தம்பி. வேலையை விட்ட பிறகும், நாலு பேர் ஓர் இடத்தில் சேர்ந்து நின்றால் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

அன்று மத்தியானம் ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். கையில் பள்ளிக்கூடப் பை, விரல் நுனியில் சாக்பீஸ் வெள்ளை.

"கண்ணாடிக் கடை கீழே இருக்கும்மா," என்றார் கண்டக்டர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருந்தாலும் இவ்வளவு தூரம் ஏறி வந்துட்டீங்க. அந்தச் சுவத்துக் காலண்டர்ல கடைசி வரியைப் படிங்க, பாப்போம்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரர் திருடனா இல்லையான்னு தெரியணும்."

கண்டக்டர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தராசம்மா எதிரே வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர் சொல்வது போலவே, ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னாள்.

"எங்கப்பா பல் டாக்டர், ரிடையர் ஆயிட்டார். சாவி கொடுத்து ஓட்டுற பழைய சினிமா கேமரா ஒண்ணு வெச்சிருக்கார், உள்ளங்கை அளவுதான் இருக்கும். நான் பொறந்ததுலேருந்து வீட்டுல நடக்கிறதையெல்லாம் அதுலதான் எடுப்பார். பிலிமை அவரே கழுவி, அவரே வெட்டி ஒட்டி, அவரே ஓட்டிக் காட்டுவார்."

"செல்போன்ல எடுத்தா இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?" என்றார் கண்டக்டர்.

"எங்க அண்ணனும் ஒரு தடவை இதைத்தான் சொன்னான். அதுக்கப்புறம் அவன் வர்ற காட்சியிலெல்லாம் காலு மட்டும்தான் தெரியுது."

கண்டக்டர் அந்த யோசனையைத் திரும்பச் சொல்லவில்லை.

"எங்கம்மா இறந்துபோய் ரொம்ப வருஷமாச்சு. அவங்க நடமாடுற மாதிரி இருக்கிறது ஒரே ஒரு ரீல்தான். தகர டப்பாவுல போட்டு அப்பா பழைய கிளினிக் அலமாரியில வெச்சிருப்பார். போன மாசம் அண்ணன் பையன் பொறந்தநாள். அன்னைக்கு அந்த டப்பா காணாமப் போச்சு."

"வந்தவங்க யார் யார்?" என்று கேட்டார் தராசம்மா.

"நாங்கதான். வெளியாள் யாரும் இல்ல. அப்புறம் அன்னைக்கு எடுத்த பிலிமைக் கழுவிப் போட்டுப் பாத்தா, ஒரு ஆள் அலமாரியைத் திறந்து டப்பாவை எடுக்கிறது அப்படியே விழுந்திருக்கு. முதுகுதான் தெரியுது, தலை தெரியல. சட்டையை வெச்சுக் கண்டுபிடிக்கலாம்னா, அன்னைக்கு ஆம்பளைங்க எல்லாரும் ஒரே கோடு போட்ட சட்டை. துணி மலிவா கிடைச்சுதுன்னு அண்ணி ஒரே துணிச் சுருளா வாங்கித் தெச்சிருந்தாங்க."

"நல்ல குடும்பம். திருடனுக்கு யூனிபார்மும் கொடுத்துடுறீங்க," என்றார் கண்டக்டர்.

"ஆனா கையில கடிகாரம் தெரியுது. வலது கையில." டீச்சரின் குரல் இங்கேதான் முதல்முறையாகத் தடுமாறியது. "எங்க அண்ணன் கடிகாரமே கட்டுறதில்ல. வலது கையில கட்டுறது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். இடது கைப் பழக்கம் அவருக்கு. லிஃப்ட் மெக்கானிக்கா இருக்கார். அதுக்கு முந்தின வாரம்தான் அந்த ரீலுக்கு ஒரு காப்பி போட்டுத் தர்றேன்னு அப்பாகிட்ட கேட்டார். அப்பா முடியாதுன்னுட்டார். ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் ஆயிடுச்சு."

"அவர் என்ன சொல்றார்?"

"தொடவே இல்லைங்கிறார். அப்பா கேட்டப்பவும் அதேதான், அண்ணன் கேட்டப்பவும் அதேதான். கடைசியா நான் கேட்டேன். அதுதான் அவருக்குப் பொறுக்கல." அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள். "வெளியூர்ல வேலை கேட்டு வாங்கிட்டார். இன்னைக்கு சாயங்கால பஸ்ஸுல போறார். என்னை வான்னு கூப்பிடல."

"எந்த பஸ்?" என்றார் கண்டக்டர்.

அவள் சொன்னாள்.

"அந்த வண்டியா? அது சாயங்காலம்னு சொல்லிட்டு ராத்திரிதான் கிளம்பும். பதறாதீங்க."

தராசம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கப்பா படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

டீச்சர் போனை எடுத்து, திரையில் ஓடிய வீட்டுப் படங்களிலிருந்து பிடித்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அண்ணன் இருந்தான், அண்ணி இருந்தாள், பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், பக்கத்து வீட்டு நாய்கூட நிறைய இடங்களில் இருந்தது. கடைசியில் தலையை நிமிர்த்தி, "அப்பா எதுலயும் இல்லையே!" என்றாள், அப்போதுதான் தெரிந்துகொண்டவள் போல. "எடுக்கிறவரே அவர்தானே."

"சரி, கிளம்புவோம்," என்றார் தராசம்மா. "உங்க வீட்டுக்காரரை நேரா அங்கே வரச் சொல்லுங்க. பெட்டியோடவே வரட்டும்."

*

டாக்டர் வீட்டின் முன்பக்கம் பழைய கிளினிக். அதுதான் இப்போது சினிமாக் கொட்டகை. நடுவில் பல் பிடுங்கும் நாற்காலி. கருவிகள் வைக்கிற தட்டின் மேல் புரொஜெக்டர். எக்ஸ்ரே கழுவிய குட்டி இருட்டறையில் இப்போது பிலிம் கழுவுகிறார்கள். ஒரு சுவரில் இரட்டைக் கதவு மரஅலமாரி. எதிர்ச்சுவரில், நோயாளிகள் பையை மாட்டுவதற்காக இடுப்புயரத்துக்குச் சற்று மேலே அடித்த கொக்கி வரிசை.

டாக்டர் ஒல்லியாக, நிமிர்ந்து இருந்தார். "இன்ஸ்பெக்டரம்மாவா? போலீஸுக்கே போயிருக்கணும். மகளுக்காகப் பொறுத்தேன்," என்றார்.

தராசம்மா வணக்கம் மட்டும் சொன்னார்.

"உக்காருங்க. இருக்கிறது இந்த ஒரு நல்ல சீட்டுதான்," என்று டாக்டர் அந்த நாற்காலியைக் காட்டினார். தராசம்மா ஜன்னலோர ஸ்டூலைத் தேர்ந்துகொண்டார். கண்டக்டர் பெருமையாக நாற்காலியில் ஏறி, பக்கத்தில் இருந்த பிடியைத் தொட்டார். நாற்காலி மெல்ல முனகிக்கொண்டு மல்லாந்தது. கால் மேலே போயிற்று, தலை கீழே போயிற்று.

"அண்ணி, எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சொல்லிடுங்க."

"பிடியை மேல தூக்குங்க," என்றார் டாக்டர், திரும்பிப் பார்க்காமல்.

தராசம்மா அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். இடது கதவுக்குப் பின்னால் ரீல் டப்பாக்கள் சீராக அடுக்கியிருந்தன. ஓர் இடம் மட்டும் காலி.

"வலது பக்கம்?"

"பல் அச்சு. நோயாளிகளுக்குக் கட்டுப்பல் செய்ய எடுத்த மாவு அச்சுங்க. தூக்கிப் போட மனசு வரல. அங்கே எதுக்குத் தேடணும்? இடது கதவைத் திறந்து எடுக்கிறதுதான் படத்துலயே இருக்கே."

அந்த நேரம் வாசலில் கேட் சத்தம் கேட்டது. பெட்டியோடு ஓர் ஆள் வந்து, படியேறாமல் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றார். வலது கையில் கடிகாரம்.

"உள்ளே வாங்க," என்றார் தராசம்மா.

"வாசப்படியை மிதிக்கக்கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காங்க," என்றார் லிஃப்ட் மெக்கானிக். "ஜன்னலைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

டாக்டர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டீச்சர் பார்த்தாள், மெக்கானிக் அவளைப் பார்க்கவில்லை. கண்டக்டருக்கு, கூட்டமான பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் வெவ்வேறு வாசலில் ஏறி நிற்பதைப் பார்ப்பது போல இருந்தது.

ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார்கள். மெக்கானிக் நின்ற ஜன்னலுக்கு மட்டும், அவர் முகம் தெரிகிற அளவு விட்டுவைத்தார்கள். புரொஜெக்டர் தையல் மெஷின் போல ஓட, வெறும் சுவரே திரையாகிப் படம் விழுந்தது.

பிறந்தநாள். பலூன்கள். கோடு போட்ட சட்டையின் கீழ்நுனியும் அண்ணனின் கால்களும். பிறகு பேரன் வந்தான். அவன் வாயிலிருந்து வாழைப்பழம் துண்டு துண்டாக வெளியே வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து முழுப் பழமாகி, தோல் தானாக மூடிக்கொண்டது.

"இப்படிச் சாப்பிட்டா வீட்டுச் செலவு மிச்சம்," என்றார் கண்டக்டர்.

டாக்டர் முகத்தில் அன்று முதன்முறையாக வெளிச்சம் வந்தது. "வித்தைத் துண்டு! கேமராவைத் தலைகீழாப் பிடிச்சு எடுக்கணும். கழுவினதும் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, வாலைத் தலையாக்கி ஒட்டணும். பையன் நேரா நிப்பான், நடந்தது மட்டும் பின்னாலேருந்து முன்னால ஓடும். எல்லாப் பொறந்தநாளுக்கும் ஒண்ணு ரெண்டு எடுத்துடுவேன்."

அந்தத் துண்டு தொடங்கியபோது டாக்டரின் விரல் லென்ஸை ஒரு துளி திருப்பியதையும், முடிந்ததும் பழையபடி வைத்ததையும் தராசம்மா பார்த்தார். "எதுக்கு அது?"

"திருப்பி ஒட்டின துண்டுல பிலிமோட முதுகு லென்ஸைப் பாக்கும். அதனால கொஞ்சம் மங்கும். நான் சரிபண்ணிக்குவேன்."

"பையனோட சட்டைப்பை வலது பக்கம் இருந்துதே?"

"அதுவும் அப்படித்தான். கண்ணாடியில பாக்கிற மாதிரி. குழந்தைங்க விளையாட்டு, யார் கவனிக்கப்போறாங்க?"

"யாரும் கவனிக்கமாட்டாங்க," என்று ஒப்புக்கொண்டார் தராசம்மா.

அடுத்ததுதான் அந்தத் துண்டு. டாக்டரின் விரல், அவரைக் கேட்காமலே, லென்ஸை ஒரு துளி திருப்பியது.

இதே அறை, இதே அலமாரி. கழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்ட முதுகு. படம் ஆடாமல் அசையாமல் தொடங்கியது. அந்த ஆள் இடது கதவைத் திறந்தான், உள்ளே கையை விட்டான். மணிக்கட்டில் கடிகாரம் மின்னியது, வலது கை. தகர டப்பாவோடு கை வெளியே வந்தது. பிறகு, திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னாலேயே அடியெடுத்து வைத்து நகர்ந்து வந்தான். அதற்குள் படம் இப்படியும் அப்படியுமாக லேசாக ஆடத் தொடங்கிற்று. ஆட்டம் கூடிக்கொண்டே போய், முதுகு திரை முழுவதையும் அடைத்தபோது படகில் உட்கார்ந்து எடுத்தது போல ஆடி, அறுந்தது.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர். "திருடன் மாதிரியே பின்வாங்கி வர்றான்!"

ஜன்னலுக்கு வெளியே மெக்கானிக் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். கைமாற்றிப் பிடிக்கவும் இல்லை.

"இதை எடுத்தது யாரு?" என்றார் தராசம்மா.

"குழந்தைங்கதான். அன்னைக்கு கேமரா எங்கெங்கேயோ கிடந்தது. நான் பண்றதைப் பாத்துட்டு ஏதோ வாண்டு தலைகீழாப் பிடிச்சிருக்கு. அதான் ஆடுது."

"அப்போ இந்தத் துண்டையும் நீங்க திருப்பித்தான் ஒட்டினீங்க?"

"தலைகீழா இருந்தா திருப்பித்தானே ஒட்டணும்? ஒரே மூச்சுல எல்லாத்தையும் ஒட்டினேன்." சொல்லி முடித்ததும் டாக்டரின் வாய் சற்றுத் திறந்தே இருந்தது. அடுத்த நோயாளி அவரே என்பது போல.

தராசம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தார். "டாக்டர், நான் பாத்த வேலையில தொங்குற தராசை நிறையப் பாத்திருக்கேன். மாட்டின உடனே தட்டு வேகமா ஆடும், அப்புறம் மெல்ல மெல்ல அடங்கும். அடங்கி நிக்கிற தராசு, யாரும் தொடாம, தானா ஆட ஆரம்பிச்சு, ஆட்டம் கூடிக்கிட்டே போய் நான் பாத்ததில்ல. அப்படி ஒண்ணு இருந்தா அந்தக் கடைக்காரர் பெரிய பணக்காரர் ஆயிருப்பார்." கையை நீட்டினார். "கேமராவைக் கொஞ்சம் கொண்டுவர்றீங்களா?"

கொண்டுவந்தார். சின்னக் கருப்பு கேமரா. அடியில் துப்பாக்கிப் பிடி போல ஒரு கைப்பிடி, அந்தப் பிடியின் கடைசியில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் வளையம்.

"ரெண்டு கையும் உங்களுக்கு அவசரமா வேணும்னு வெச்சுக்குங்க. கேமராவை எங்கே வைப்பீங்க?"

டாக்டர் யோசிக்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம், கை தானாகப் போயிற்று. தோல் வளையத்தை எதிர்ச்சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தார்.

வளையம் மேலே, பிடி அதற்குக் கீழே, கேமரா அதற்கும் கீழே. தலைகீழாகத் தொங்கியது. இப்படியும் அப்படியும் வேகமாக ஆடியது, மெல்ல ஆடியது, அடங்கி நின்றது. அதன் கண் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தது.



"ஓடுற பொத்தானை அழுத்தினா அப்படியே பூட்டி வைக்க வழி இருக்கா?" என்றார் தராசம்மா மெதுவாக.

"இருக்கு," என்றார் டாக்டர். "சாவி தீர்ற வரைக்கும் தானா ஓடும். எடுத்துவிட மறந்துட்டா..."

"அந்தத் துண்டை எடுத்து, ஒட்டாம இருந்த மாதிரியே மறுபடியும் போட முடியுமா?"

"தலைகீழாத் தெரியுமே."

"பரவாயில்ல."

டாக்டர் வெட்டியது சுத்தமாக இருந்தது. பல் டாக்டர் கை அல்லவா. புரொஜெக்டர் மறுபடி ஓடியது. சுவரில் அலமாரி கூரையிலிருந்து தொங்கியது. தலையில்லாத ஆள் இப்போது காலும் இல்லாமல் மேலிருந்து கீழே முளைத்திருந்தான். டீச்சர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தாள், மறு பக்கம் சாய்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"தம்பி," என்றார் தராசம்மா. "நாற்காலிப் பிடி."

கண்டக்டருக்குப் புரிந்தது. பிடியைத் தொட்டார். நாற்காலி முனகிக்கொண்டு மல்லாந்தது. கால் மேலே, தலை கீழே. தலைமாட்டுக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பல் டாக்டர் நாற்காலியில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"எனக்கு நேரா தெரியுது அண்ணி! படம் முதல்ல பயங்கரமா ஆடுது... முதுகு கிட்ட இருக்கு... இப்போ அலமாரிப் பக்கம் நடந்து போறார். நல்லா முன்னாலதான் நடக்கிறார், திருடன் நடை இல்ல. கையில டப்பா இருக்கு. ஆட்டம் அடங்குது... கதவைத் திறக்கிறார்..."

"எந்தக் கதவு?"

"வலது கதவு. டப்பாவை உள்ளே வெக்கிறார். எடுக்கல அண்ணி, வெக்கிறார்! கடிகாரம்..." கண்டக்டர் இங்கே நிறுத்தினார். ரத்தம் தலைக்கு ஏறி முகம் சிவந்திருந்தது. ஆனால் நிறுத்தியது அதனால் அல்ல. "இடது கையில," என்றார், குரலைத் தாழ்த்தி.

அண்ணன் கடிகாரம் கட்டுவதில்லை. மெக்கானிக் கட்டுவது வலது கையில். ஒரே மாதிரிச் சட்டையில் மீதி இருந்தது ஒருவர்தான். அவரை யாரும் நினைக்கவே இல்லை, ஏனென்றால் படம் எடுக்கிறவர் படத்தில் வருவதே இல்லை. அவருடைய முதுகு எப்படி இருக்கும் என்று, பெற்ற மகளுக்கே திரையில் பார்த்துத் தெரியாது.

டாக்டர் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தார். யாரோ கட்டிவிட்டுப் போனது போல அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பசங்க அந்த டப்பாவைத் தரையில உருட்டி விளையாடினாங்க," என்றார். குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. "ஓடிவந்து பிடுங்கினேன். பழைய இடத்துல வெச்சா மறுபடியும் எடுப்பாங்கன்னு... அப்போ கேக் வெட்டக் கூப்பிட்டாங்க..."

தராசம்மா அலமாரியின் வலது கதவில் கை வைத்துவிட்டு, பிறகு கையை எடுத்துக்கொண்டார். "நீங்களே திறங்க டாக்டர்."

கதவு இறுகிக் கிடந்தது. இழுத்ததும் உள்ளே வரிசை வரிசையாக வெள்ளை மாவுத் தாடைகள், எல்லோரையும் பார்த்து ஒரே நேரத்தில் சிரித்தன. கண்டக்டர் நாற்காலியிலிருந்து அவற்றைத் தலைகீழாகப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் மற்ற அச்சுகளைத் தொடவில்லை. கை நேராக மேல்தட்டின் மூலைக்குப் போயிற்று. அங்கே ஓர் அச்சு தனியாக இருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி.

"அம்மாவோடது," என்றாள் டீச்சர்.

"அந்த இடைவெளியை அடைச்சு விடறேன்னு அச்செல்லாம் எடுத்தேன். கடைசி வரைக்கும் அவ விடவே இல்ல," என்றார் டாக்டர். அச்சை நகர்த்தினார். அதன் பின்னால் தகர டப்பா இருந்தது.

அவர் டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். ஜன்னல் பக்கம் திரும்புவதற்குத்தான் அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"மாப்பிள்ளை."

மெக்கானிக் பெட்டியை இறுக்கிப் பிடித்தார்.

"வாசப்படியை மிதிக்கக்கூடாதுன்னு ஒண்ணு சொன்னேனே." டாக்டர் ஜன்னல் பக்கம் ஓர் அடி வைத்தார். "அந்தத் துண்டையும் வெட்டித் திருப்பி ஒட்டிடுங்க மாப்பிள்ளை. எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கம்பிக்கு வெளியே அந்த முகம் அசையவில்லை. டீச்சர் எழுந்து வாசலுக்குப் போனாள். உள்ளே இருந்தவர்களுக்குப் பேச்சு மட்டும் கேட்டது.

"நீயும்தான் கேட்ட."

"ஆமா. கேட்டேன்."

"எல்லாரும் கேட்டாங்க. அது வேற. நீ கேட்ட."

"தப்புதான். கடிகாரத்தைப் பாத்தேன், உங்களைப் பாக்கல. வாங்கன்னு கூப்பிடக்கூட எனக்கு வாய் வரல. பெட்டியை மட்டும் கொடுங்க."

கண்டக்டர் நாற்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு பெட்டியின் பிடி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் சத்தம். பிறகு படியில் இரண்டு பேரின் காலடி.

"உள்ளே போங்க, உள்ளே போங்க," என்றார் கண்டக்டர், தலைகீழாகவே. "அந்த பஸ் இன்னும் கிளம்பியிருக்காது, சொல்றது என் கடமை. ஆனா அதுல சீட்டெல்லாம் கிழிஞ்சிருக்கும், நான் அதுல போகச் சொல்லமாட்டேன்."

*

அந்த ரீலை அன்றைக்கே போட்டார்கள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். 'என்னை எதுக்கு எடுக்கிறீங்க' என்று கையை ஆட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கை நழுவியது, சிரிப்பு முழுசாக வெளியே வந்தது, அந்த இடைவெளியோடு. சத்தமில்லாத படம்தான். ஆனாலும் எல்லோரும், கேட்டுவிடும் போல, அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

ரீல் முடிந்தது. "ஒரு காப்பி போடணும்னு சொன்னீங்களே," என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல். "ரெண்டாப் போடுங்க."

மெக்கானிக் எழுந்தார். எதிர்ச்சுவர்க் கொக்கியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கேமராவைக் கழற்றினார். சாவியை முறுக்கினார். வலது கைக்காரர்களுக்கென்று செய்த பிடி. அதை இடது கையில் அசௌகரியமாகப் பிடித்து, மாமனாரைப் பார்த்து நீட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"உங்களை எடுக்கிறேன் மாமா. அடுத்த தடவை ஏதாவது தொலைஞ்சா உங்க முதுகு எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியணும் இல்ல?"

டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, கையைக் கட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து, விறைப்பாக நின்றார்.

"அசையுங்க மாமா. இது போட்டோ இல்ல."

டாக்டர் ஒரு கையைத் தூக்கினார். அப்புறம் கீழே இறக்கினார். டப்பாவைக் காட்டினார். மகளைப் பார்த்தார். கடைசியில் எப்படியோ சிரித்தும் விட்டார். கேமரா சரசரவென்று ஓடிக்கொண்டேயிருந்தது. சாவி தீர்ந்து நின்றதும்தான் அவர் கேட்டார்:

"லென்ஸ் மூடியைக் கழட்டினீங்களா மாப்பிள்ளை?"

கழற்றவில்லை.

"மறுபடியும் எடுங்க," என்றார் டாக்டர். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இந்தத் தடவை கேட்காமலேயே சிரித்தார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், கால் மரத்துப் போயிருக்கும், மெதுவாக. உங்கள் வீட்டில் தொலைந்தது எதுவானாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடைக்கட்டும். வாய் தவறிச் சொன்ன சொல்லைத் திருப்பி ஒட்ட உங்களுக்கு எப்போதும் நேரம் இருக்கட்டும். உங்களையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்கிற அந்த ஒருத்தர் இருக்கிறாரே, அவரும் ஒரு நாள் படத்தில் வரட்டும். வாசற்படி தேயத் தேய ஆட்கள் வந்து போக, உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும்.